குறித்த நாளில், குறித்த இடத்தில்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன். ஒரு சனிக்கிழமை மாலை. எங்கள் பள்ளிக் கால்பந்துக் குழுவுக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் குழுவுக்கும் பந்தயம் என்று பதினைந்து நாட்களுக்கு முன்பே முடிவாகியிருந்தது. பிள்ளைகள் காலையிலேயே மைதானத்தைக் கூட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்தார்கள். பனியன்களைத் துவைத்து உலர்த்தியிருந்தார்கள். நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. எதிர்க்கட்சி வரவில்லை, வரமாட்டோம் என்ற செய்தியும் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஊரார் ஒவ்வொருவராகக் கலைந்தனர். கடைசியில் எங்கள் பிள்ளைகள் தமக்குள்ளேயே இரண்டு பிரிவாகப் பிரிந்து, மனமில்லாமல் சிறிது நேரம் பந்தை உதைத்துவிட்டு வீடு திரும்பினார்கள். அப்போது அவர்கள் முகத்தில் இருந்த வாட்டத்தைத் தோற்றுவந்த நாட்களில்கூட நான் கண்டதில்லை. தோல்வியைத் தாங்க முடிகிறது; ஏமாற்றத்தைத் தாங்க முடிவதில்லை என்பதை அன்று நான் அறிந்துகொண்டேன்.

இந்த ஏமாற்றம்தான் உலகத்தில் முதல் கால்பந்து லீக் பிறப்பதற்குக் காரணமாயிற்று என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1888-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தில் தொடங்கி 1889-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் முடிவுற்ற அந்த முதற்பருவத்தைப் பற்றியே இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

முதலில் அக்காலத்து இங்கிலாந்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். வடக்கே லங்காஷயர் பகுதியில் பஞ்சாலைகள். நடுநாட்டில் இரும்புப் பட்டறைகள், நிலக்கரிச் சுரங்கங்கள், மட்பாண்டத் தொழிற்சாலைகள். வாரம் முழுவதும் புகையிலும் இரைச்சலிலும் உழைத்த தொழிலாளிக்குச் சட்டம் ஒரு நன்மை செய்திருந்தது. 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களையும் இளம் பருவத்தினரையும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வேலை வாங்கலாகாது என்று விதித்தது. அவர்கள் நின்றால் ஆலையும் நிற்க வேண்டியதுதான். ஆகவே ஆண்களுக்கும் நாளடைவில் அந்த ஓய்வு கிடைத்தது. சனிக்கிழமைப் பிற்பகல் என்ற அந்த அரைநாளை எங்ஙனம் கழிப்பது என்ற கேள்விக்குத் தொழிலாளர் கண்ட விடைகளுள் முதன்மையானது கால்பந்து. ரயில் பாதைகள் ஊருக்கு ஊர் பரவியிருந்தமையால் ஓர் ஊர்க் கழகம் மற்றோர் ஊருக்குச் சென்று ஆடிவிட்டு அன்றிரவே திரும்புவதும் எளிதாயிற்று.

ஆனால் அன்றைய பந்தயங்களுக்கு ஒழுங்கு இல்லை. கால்பந்துச் சங்கத்தின் கோப்பைப் போட்டி ஒன்று 1871-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவந்தது. அது தோற்றவர் வெளியேறும் முறை. மற்றவை எல்லாம் கழகச் செயலாளர்கள் கடிதம் எழுதி ஏற்பாடு செய்துகொள்ளும் நட்புப் பந்தயங்களே. கோப்பை ஆட்டம் ஒன்று குறுக்கிட்டால் நட்புப் பந்தயம் கைவிடப்படும். வேறிடத்தில் அதிக வசூல் கிடைக்கும் என்று தெரிந்தால் ஒரு கழகம் ஒப்புக்கொண்ட பந்தயத்தைத் தள்ளிவிடும். வந்தாலும் நல்ல ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு வரும். கட்டணம் கொடுத்து உள்ளே நுழைந்த தொழிலாளி, அறிவித்தபடி ஆட்டம் நடக்குமா என்பதே தெரியாமல் நின்றான்.

இந்தச் சமயத்தில் இன்னொரு மாறுதலும் நேர்ந்தது. பிரஸ்டன் என்ற பஞ்சாலை நகரத்தில் 'பிரஸ்டன் நார்த் எண்ட்' என்றொரு கழகம். அதனை நடத்தியவர் வில்லியம் சடெல். அவர் ஓர் ஆலையின் நிர்வாகி. சிறந்த ஆட்டக்காரர்களை ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்து, வேலையும் பணமும் கொடுத்துத் தம் ஊரில் தங்கவைத்தார். பணத்திற்காக ஆடுவது அன்று விதிக்கு விரோதம். 1884-ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த அப்டன் பார்க் கழகம் இதுபற்றி முறையிட்டது. எல்லாரும் மறைமுகமாகச் செய்துவந்த காரியத்தைச் சடெல் மறுக்காமல் ஒப்புக்கொண்டார். பிரஸ்டன் அவ்வாண்டுக் கோப்பைப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. வடநாட்டுக் கழகங்கள் தனிச் சங்கம் காண்போம் என்று எழுந்தன. முடிவில் 1885-ஆம் ஆண்டு ஜூலையில் ஊதியம் பெற்று ஆடுவதைச் சங்கம் சட்டபூர்வமாக ஒப்புக்கொண்டது.

இதன் விளைவு என்ன என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். ஆட்டக்காரனுக்கு வாரந்தோறும் சம்பளம் கொடுக்கவேண்டும். அதற்கு வாரந்தோறும் வருமானம் வேண்டும். வருமானம் வரவேண்டுமாயின் பந்தயம் நிச்சயமாக நடக்கவேண்டும். நடந்தால் நடக்கட்டும் என்ற பழைய ஏற்பாடு இனிச் செல்லாது. ஆகவே நேரம் தவறாமை என்பது ஒரு நற்குணம் என்ற நிலைமையிலிருந்து ஒரு தேவை என்ற நிலைமைக்கு வந்துவிட்டது.

இந்தத் தேவையை முதலில் தெளிவாக உணர்ந்தவர் வில்லியம் மக்ரெகர் என்னும் துணி வியாபாரி. அவர் 1846-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பர்மிங்ஹாமில் கடை வைத்திருந்தார். ஆஸ்டன் வில்லா கழகத்தின் நிர்வாகிகளுள் ஒருவர். அவர் பெரிய ஆட்டக்காரர் அல்லர். ஆனால் கடைக்காரருக்கு உரிய ஒரு நல்லறிவு அவரிடம் இருந்தது. கடை திறக்கும் நேரம் தெரியாவிட்டால் வாடிக்கைக்காரன் வரமாட்டான் அல்லவா?

1888-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் தேதி அவர் ஒரு கடிதம் எழுதினார். பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்டன் வாண்டரர்ஸ், பிரஸ்டன் நார்த் எண்ட், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் ஆகிய கழகங்களுக்கும் தம் கழகத்துக்குமாக அக்கடிதம் சென்றது. பத்து அல்லது பன்னிரண்டு முக்கியக் கழகங்கள் ஒன்றுசேர்ந்து, ஆண்டுதோறும் ஒருவர் மைதானத்தில் ஒருமுறையும் மற்றவர் மைதானத்தில் ஒருமுறையுமாக ஆடுவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பதே அதன் சாரம். மார்ச்சு 23-ஆம் தேதி லண்டனில் ஆண்டர்டன் ஹோட்டலில் முதற்கூட்டம் கூடியது. ஏப்ரல் 17-ஆம் தேதி மான்செஸ்டர் நகரத்து ராயல் ஹோட்டலில் லீக் முறைப்படி அமைந்தது. மக்ரெகர் தலைவர்; பிரஸ்டனின் சடெல் பொருளாளர்; ஸ்டோக் கழகத்தின் ஹாரி லாக்கெட் செயலாளர். பொருளாளர் யார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்குத் திரும்பி வருவேன்.

கணக்குப் பயிலும் மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. கழகங்கள் 12. ஒவ்வொன்றுக்கும் எதிரிகள் 11. ஒவ்வோர் எதிரியோடும் இரண்டு பந்தயம். ஆகவே ஒரு கழகத்துக்கு 22. பன்னிரண்டு இருபத்திரண்டுகள் 264. ஒரு பந்தயத்தில் இரண்டு கழகங்கள் கலந்துகொள்ளுகின்றனவாதலால் பாதியாக்க, மொத்தம் 132 பந்தயங்கள். இந்த 132 என்ற எண்ணுக்குள் இருந்த கஷ்டம் என்னவென்றால், அத்தனையும் நடந்தே தீரவேண்டும். ஒன்று விட்டுப் போனாலும் பட்டியல் ஊனமாகிவிடும். அதுமட்டுமன்று, லீக் பந்தயத்துக்குத் தன் முழு வலிமையுள்ள குழுவையே அனுப்பவேண்டும் என்றும் கழகங்கள் உடன்பட்டன.

பன்னிருவர் யாவர்? லங்காஷயரிலிருந்து அக்ரிங்டன், பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்டன் வாண்டரர்ஸ், பர்ன்லி, எவர்ட்டன், பிரஸ்டன் நார்த் எண்ட் என்னும் ஆறு. நடுநாட்டிலிருந்து ஆஸ்டன் வில்லா, டெர்பி கௌன்டி, நாட்ஸ் கௌன்டி, ஸ்டோக், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன், உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் என்னும் ஆறு. தலைநகரமாகிய லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். லீக் என்பது அரண்மனை வாயிலிலோ பெரிய கல்லூரி மைதானத்திலோ பிறந்ததன்று. ஆலைச் சங்கு ஊதும் ஊர்களில் பிறந்தது.

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 8, சனிக்கிழமை. லீக்கின் முதல் நாள். அன்று ஐந்து பந்தயங்கள் நடைபெற்றன. நாம் இன்று காணும் ஆட்டத்துக்கும் அன்றைய ஆட்டத்துக்கும் வேற்றுமை பல. கோல் கம்பங்களுக்குப் பின்னால் வலை கிடையாது. பெனால்ட்டி உதை கிடையாது. அது 1891-ஆம் ஆண்டில் வந்தது. கட்சிக்கு ஒருவராக இரண்டு மத்தியஸ்தர்கள் மைதானத்தில் நிற்பார்கள். அவர்கள் கருத்து வேறுபட்டால் கோட்டுக்கு வெளியே இருக்கும் நடுவரிடம் முறையிடுவார்கள். எவர்ட்டன் கழகம் அன்று ஆன்பீல்டு மைதானத்தில் ஆடியது. இன்று லிவர்பூல் கழகத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அதே மைதானந்தான்! லிவர்பூல் கழகம் அப்போது தோன்றவேயில்லை.

அந்த முதல் நாளின் முதல் கோலை அடித்தவர் யார் என்பதில் நெடுங்காலம் ஒரு தவறு வழங்கிவந்தது. உல்வர்ஹாம்ப்டனில் வில்லாவின் தடுப்பாட்டக்காரர் கெர்ஷம் காக்ஸ் தவறுதலாகத் தம் பக்கத்திலேயே அடித்துவிட்ட கோல்தான் முதற்கோல் என்று எழுதிவந்தார்கள். பந்தயங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கவில்லை என்பதை ஒருவரும் ஆராயவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2013-ஆம் ஆண்டிலேதான், பழைய பத்திரிகைகளைப் புரட்டித் தொடக்க நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்து, போல்டன் கழகத்தின் கென்னி டேவன்போர்ட் ஆட்டம் தொடங்கி இரண்டாம் நிமிஷத்தில் அடித்த கோலே முந்தியது என்று கண்டார்கள். பாவம், டேவன்போர்ட்! உண்மை வெளிவரும்போது அவர் உயிரோடு இல்லை. முதற்கோல் அடித்த போல்டன் அன்றைய பந்தயத்தில் டெர்பியிடம் 3-க்கு 6 என்று தோற்றது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நல்ல தொடக்கம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைப்பது அரிது.

இன்னொரு விந்தை கேளுங்கள். பருவம் தொடங்கிவிட்டது, ஆனால் வெற்றியாளரை எப்படித் தீர்மானிப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை! வெற்றிகளை மட்டும் எண்ணலாம், சமமாக முடிந்த ஆட்டத்துக்கு ஒன்றும் வேண்டாம் என்றார் சிலர். நவம்பர் மாதத்திலேதான் வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமத்துக்கு ஒரு புள்ளி என்று தீர்மானித்தார்கள். சமத்துக்கும் மதிப்பு உண்டு என்ற அத்தீர்மானத்தை நான் மிகவும் போற்றுகிறேன். வலிமை மிக்க எதிரியைத் தடுத்து நிறுத்தியவனின் உழைப்பும் கணக்கில் ஏறவேண்டும் அல்லவா? இங்கிலாந்தில் இம்முறை 1981-ஆம் ஆண்டு வரை நீடித்தது. அவ்வாண்டுமுதல் வெற்றிக்கு மூன்று புள்ளி ஆயிற்று.

இனிப் பிரஸ்டனைப் பார்ப்போம். லீக் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் மகா கீர்த்தி பெற்றவர்கள். 1887-ஆம் ஆண்டு அக்டோபரில் கோப்பைப் போட்டியில் ஹைட் என்ற கழகத்தை 26-க்குப் பூஜ்யம் என்று வென்றார்கள். கீர்த்தி வளர்ந்தால் கூடவே இறுமாப்பும் வளரும். 1888-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் தேதி கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரி வெஸ்ட் பிராம்விச். ஆட்டத்தில் உடை அழுக்காவதற்கு முன்பே, கோப்பையைக் கையில் வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமா என்று பிரஸ்டன்காரர்கள் கேட்டார்களாம். முதலில் அதை வென்றுவிட்டு வாருங்கள் என்று நடுவராக இருந்த மேஜர் மரிண்டின் சொன்னாராம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆனால் அன்று 1-க்கு 2 என்று பிரஸ்டன் தோற்றது கதையன்று, சரித்திரம்.

அந்தத் தோல்வி அவர்களுக்கு மருந்தாயிற்று. ஆறு மாதம் கழித்து லீக் தொடங்கியபோது அவர்கள் மிகுந்த கட்டுப்பாட்டோடு ஆடினார்கள். சடெல் தம் ஆட்டக்காரர்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டு ஆட்டமுறையை விளக்குவார் என்று சொல்வதுண்டு. ஆசிரியனாகிய எனக்கு இச்செய்தி எவ்வளவு இனிக்கிறது என்று சொல்லத் தேவையில்லை! தனியொருவன் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடுவதே வீரம் என்று இங்கிலாந்தில் பலர் எண்ணிய காலத்தில், ஒருவருக்கொருவர் பந்தைத் தந்து முன்னேறும் ஸ்காட்லாந்து முறையைப் பிரஸ்டன் கையாண்டது. கோல் காத்தவர் வேல்ஸ் நாட்டினரான ஜேம்ஸ் டிரெய்னர். முன்னணியில் ஜான் குடால், ஜிம்மி ராஸ். பிரெட் டியூஹர்ஸ்ட் என்பவர் ஊதியம் பெறாமல் ஆடியவர்; தொழிலால் பள்ளி ஆசிரியர்.

அந்தப் பருவத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் என் நெஞ்சில் நிற்கிறது. அக்டோபர் 6-ஆம் தேதி ஸ்டோக் கழகம் பிரஸ்டனுக்கு ஆடவந்தது. பதினொருவர் வரவேண்டிய இடத்தில் ஒன்பதின்மரே வந்து சேர்ந்தார்கள். பழைய காலமாயிருந்தால் ஆட்டம் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் இது லீக். பிரஸ்டன் தன்னிடமிருந்த மாற்று ஆட்டக்காரர் இருவரை ஸ்டோக்குக்கு இரவல் கொடுத்தது. பந்தயம் நடந்தது. ஸ்டோக் 7-க்குப் பூஜ்யம் என்று தோற்றது. இரவல் பெற்ற ஆட்களோடு நின்று ஏழு கோல் வாங்கிய ஸ்டோக்கைக் கண்டு சிரிக்கத் தோன்றுகிறதா? எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர்கள் வந்தார்கள், நின்றார்கள், ஆடினார்கள். அவர்களை நின்று ஆடவைத்தவர்கள் எதிரிகளே. லீக் என்பது போட்டி மட்டுமன்று, ஒருவர் வாக்கை மற்றவர் காப்பாற்றித் தரும் கூட்டுறவும் ஆகும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சாட்சி.

1889-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிலேயே பிரஸ்டனுக்கு முதலிடம் உறுதியாகிவிட்டது. 22 பந்தயங்களில் 18 வெற்றி, 4 சமம், தோல்வி ஒன்றுமில்லை. அடித்த கோல் 74; வாங்கிய கோல் 15. புள்ளிகள் 40. இரண்டாம் இடம் பெற்ற ஆஸ்டன் வில்லாவுக்கு 29 புள்ளிகளே.

முழுப் பட்டியலையும் சொல்லுகிறேன். பிரஸ்டன் 40, வில்லா 29, உல்வர்ஹாம்ப்டன் 28, பிளாக்பர்ன் 26, போல்டன் 22, வெஸ்ட் பிராம்விச் 22, அக்ரிங்டன் 20, எவர்ட்டன் 20, பர்ன்லி 17, டெர்பி 16, நாட்ஸ் கௌன்டி 12, ஸ்டோக் 12. இவற்றைக் கூட்டிப் பாருங்கள், 264 வரும். ஒரு பந்தயத்துக்கு இரண்டு புள்ளி வீதம் 132 பந்தயத்துக்கு 264. ஆக, ஒரு பந்தயமும் விட்டுப் போகவில்லை! அறிவித்தவை 132; நடந்தவையும் 132. பிரஸ்டனின் 40 புள்ளியைக் காட்டிலும் இந்த 264 என்ற கூட்டுத்தொகையே அந்தப் பருவத்தின் பெரிய வெற்றி என்பது என் கருத்து. மக்ரெகர் கடிதம் எழுதியது இதற்காகத்தானே?

போல்டனும் வெஸ்ட் பிராம்விச்சும் 22 என்று சமமாயிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சம புள்ளி பெற்றவர்களை அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்து வரிசைப்படுத்தினார்கள். போல்டன் 63-ஐ 59-ஆல் வகுக்க ஒன்றுக்குச் சற்று மேல். வெஸ்ட் பிராம்விச் 40-ஐ 46-ஆல் வகுக்க ஒன்றுக்குக் கீழ். ஆகவே போல்டன் முன்னே நின்றது.

பட்டியலின் அடியில் இருந்த நால்வர், அதாவது பர்ன்லி, டெர்பி, நாட்ஸ் கௌன்டி, ஸ்டோக், அடுத்த ஆண்டு தங்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு மற்றவர்களிடம் விண்ணப்பித்து வாக்குப் பெறவேண்டும் என்பது விதி. நால்வரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஜனவரியிலேயே முதலிடம் தீர்ந்துவிட்ட பின்பு இவர்கள் எதற்காக வசந்த காலம்வரை ஆடினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆடுவதாக வாக்களித்தமையால் ஆடினார்கள். வென்றவனுடைய பட்டியலுக்குப் பொருள் உண்டாவதும் தோற்றவன் கடைசிவரை நின்று ஆடுவதனால்தான். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தவுடன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட எண்ணும் மாணவனுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். முதலிடம் தீர்ந்துபோயிருக்கலாம், பருவம் தீர்ந்துவிடவில்லை.

பிரஸ்டன் அவ்வாண்டுக் கோப்பையையும் விடவில்லை. 1889-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் தேதி லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் உல்வர்ஹாம்ப்டனை 3-க்குப் பூஜ்யம் என்று வென்றார்கள். ஆசிரியர் டியூஹர்ஸ்ட் முதற்கோல் அடித்தார். கோப்பைப் போட்டி முழுவதிலும் அவர்கள் ஒரு கோல்கூட வாங்கவில்லை. முந்திய ஆண்டு எடுக்க விரும்பிய புகைப்படத்தை இப்போது யாரையும் கேளாமல் எடுத்துக்கொள்ளலாமல்லவா? மக்கள் அவர்களுக்கு 'வெல்லற்கரியவர்' என்று பட்டம் சூட்டினார்கள்.

கதையை இவ்விடத்தில் முடித்தால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாணவர்களிடம் பாதிக் கதை சொல்லும் வழக்கம் எனக்கில்லை. பொருளாளரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இந்தக் குழுவைத் திரட்டியவரும், 1884-இல் எல்லாரும் மறைத்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டவருமான அதே சடெல், தாம் நிர்வகித்த ஆலையின் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக 1895-ஆம் ஆண்டு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அப்பணத்தில் பெரும்பகுதி தம் சுகத்துக்காகச் செலவானதன்று, கழகத்துக்கே போயிற்று என்று சொல்லுவர். இருக்கலாம். ஆனாலும் பிறர் பணம் பிறர் பணமே. நல்ல காரியத்துக்கு என்று சொல்லிக்கொண்டால் கணக்குப் புத்தகம் ஏமாறுவதில்லை. மைதானத்தில் 22 பந்தயங்களிலும் வாக்குத் தவறாதவர், மேசைமுன் அமர்ந்து எழுதிய கணக்கிலே வாக்குத் தவறினார். விடுதலையான பின் தென்னாப்பிரிக்கா சென்று விளையாட்டுச் செய்திகள் எழுதிக் காலம் கழித்தார். 1911-ஆம் ஆண்டு காலமானார். மக்ரெகர் மறைந்ததும் அதே ஆண்டிலேயே. ஒருவர் பெயரை லீக்கின் தந்தை என்று உலகம் போற்றுகிறது. மற்றவர் பெயரைத் தேடித்தான் கண்டெடுக்கவேண்டியிருக்கிறது.

பிரஸ்டன் 1890-இலும் முதலிடம் பெற்றது. அதற்கடுத்த மூன்று ஆண்டுகளிலும் இரண்டாமிடம். பின்னர் பெருநகரக் கழகங்களின் செல்வத்தோடு அச்சிறு நகரம் போட்டியிட இயலவில்லை. முதலிடம் அதற்கு மீண்டும் கிட்டவேயில்லை. 1961-ஆம் ஆண்டில் முதற்பிரிவிலிருந்தும் இறங்கிற்று. அக்ரிங்டன் 1893-இல் லீக்கைவிட்டு விலகிச் சில ஆண்டுகளில் மறைந்தே போயிற்று. ஆனால் மக்ரெகர் வகுத்த முறை மறையவில்லை. நம் நாட்டில் கொல்கத்தா லீக் 1898-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இன்று உலகில் கால்பந்து ஆடும் நாடுகளில் எல்லாம் இதே முறைதான். இங்கிலாந்தின் முதற்பிரிவில் ஒரு பருவம் முழுவதும் தோல்வி காணாத சிறப்பைப் பிரஸ்டனுக்குப் பின் பெற்ற ஒரே கழகம் ஆர்சனல். அது 2003-04 பருவத்தில், 38 பந்தயங்களில் 26 வெற்றியும் 12 சமமுமாக. இடையிலே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

தொடக்கத்தில் எங்கள் பள்ளி மைதானத்தில் நிகழ்ந்ததைச் சொன்னேன். அதன் தொடர்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிகழ்ச்சிக்குப் பின் சுற்றுவட்டாரத்திலிருந்த நான்கு பள்ளிகளுக்கு நான் கடிதம் எழுதினேன். ஐந்து பள்ளிகளும் சேர்ந்து ஓர் அட்டவணை வகுத்துக்கொண்டோம். நன்றாக நடந்துவந்தது. மறு ஆண்டில் ஒரு சனிக்கிழமை, பள்ளித் தணிக்கை நெருங்கிவிட்டது என்ற காரணத்தால், நான் எங்கள் பிள்ளைகளைப் பந்தயத்துக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டேன். செய்தி அனுப்பவும் மறந்துவிட்டேன். திங்கட்கிழமை ஒரு கார்டு வந்தது. அதில் கோபமான சொல் ஒன்றுமில்லை. தங்கள் பிள்ளைகள் ஐந்து மணிவரை காத்திருந்தார்கள் என்று மட்டும் எழுதியிருந்தது. அன்று மாலையே பஸ் ஏறிச் சென்று, அந்தப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, அவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். என் முப்பத்தைந்து ஆண்டு ஆசிரிய வாழ்வில் நான் சொல்லிக்கொடுத்த பாடங்களைவிட, கற்றுக்கொண்ட இந்தப் பாடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மாணவர்களே! திறமை எல்லாருக்கும் ஒரே அளவில் அமைவதில்லை. பன்னிருவர் கூடினால் ஒருவரே முதல்வர், ஒருவர் கடைசி. அதை மாற்ற எந்த ஆசிரியராலும் இயலாது. ஆனால் குறித்த நாளில், குறித்த இடத்தில், உங்கள் முழு வலிமையோடு வந்து நிற்பது பன்னிருவராலும் இயலும். பட்டியலில் உங்கள் பெயர் எந்த இடத்தில் இருந்தாலும் சரி, கூட்டுத்தொகை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.